மடக்கு சைக்கிள் உடைந்தால் உடைந்த துண்டைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள்

வழக்கு நடப்பதால் கடையின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் எழுதவில்லை. புதுச்சேரியில் ஒரு சைக்கிள் கடை என்பது மட்டும் போதும். மடக்கு சைக்கிள் வாங்கியிருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கு வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை லாஸ்பேட்டையில். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோவுக்குக் காத்து நிற்க வேண்டாமே என்றுதான் 20 இஞ்ச் சக்கர மடக்கு சைக்கிள் ஒன்றை 18,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். மடக்கினால் பஸ்ஸில் பின் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொள்ளும். லக்கேஜ் டிக்கெட் போடுவதா வேண்டாமா என்று கண்டக்டர்கள் குழம்புவதைப் பார்க்க வேடிக்கையாகவும் இருக்கும். கம்பெனியிலிருந்து பெட்டியில் பாதி பூட்டிய நிலையில் வந்த சைக்கிளுக்கு ஹேண்டில், பெடல், சீட் எல்லாம் கடையில்தான் மாட்டினார்கள். என் கண் முன்னால்தான் மாட்டினார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஒரு வருடம் ஆவதற்குள் ஒரு காலை காமராஜர் சாலையில் ஹேண்டில் தண்டு அடியோடு முறிந்தது. பள்ளம் இல்லை, வேகம் இல்லை, எதிரே யாரும் வரவும் இல்லை. கையில் ஹேண்டில் மட்டும் இருக்கிறது, நான் தரையில் கிடக்கிறேன். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. அரசு மருத்துவமனையில் கட்டுப் போட்டுக்கொண்டு, விபத்துப் பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்கினேன். அந்த ஒரு தாள் பிறகு பெரிய உதவியாக இருந்தது.

என் தம்பிதான் சைக்கிளைக் கடைக்கு எடுத்துப்போனான். விற்கும்போது டீ வாங்கிக் கொடுத்த முதலாளி, இப்போது உட்காரச் சொல்லவில்லை. "உங்க அண்ணன் லாக்கைச் சரியா போட்டிருக்க மாட்டாரு தம்பி" என்பதுதான் முதல் வார்த்தை. தம்பி துண்டை எடுத்து நீட்டினான். மடக்கிய ஹேண்டில் தண்டை நிமிர்த்திப் பூட்டும் அந்த லாக் மூடியபடியே, அதன் பாதுகாப்புக் கொக்கியும் விழுந்தபடியே இருந்தது. முறிந்தது அதற்குக் கீழே, வெல்டிங் ஓரத்தில். "அவரு வெயிட் என்ன?" என்றார் அடுத்து. ஸ்டிக்கரில் 100 கிலோ வரை என்று போட்டிருக்கிறது, நான் 72. மூன்றாவதாக, "கடலூர்ல உப்புக் காத்து அதிகம், அரிச்சிருக்கும்" என்றார். அவர் கடையிலிருந்து கடற்கரைச் சாலைக்கு நடந்தே போய்விடலாம் என்பதை அவருக்கு யாராவது சொல்ல வேண்டும்.

எல்லாம் தீர்ந்த பிறகு, "நாங்க வெறும் டீலர்தான், கம்பெனியைக் கேளுங்க." கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டேன். ஹேண்டிலைப் பூட்டியது டீலர், தவறான பூட்டலுக்கு வாரண்டி கிடையாது, ஃபிரேம் வாரண்டியில் ஹேண்டில் தண்டு சேராது என்று பதில் வந்தது. சரி, டீலரிடம் போனால் கம்பெனி, கம்பெனியிடம் போனால் டீலர். பந்து போல உதைபட்டது நான்.

இந்த இழுபறிக்கு நடுவில்தான் முதலாளி திடீரென்று கனிந்தார். "ரெண்டு நாள் வண்டியை இங்க விடச் சொல்லுங்க. வெல்டிங் அடிச்சு புதுசு மாதிரி தரேன், காசே வேணாம்." எச்சரிக்க வேண்டும் என்று நினைத்தது இதைத்தான். சிப்காட்டில் ஃபிட்டராக இருக்கும் நண்பர் துண்டைப் பார்த்ததுமே சொன்னார், இதை யாரிடமும் கொடுக்காதே என்று. முறிந்த முகத்தில் ஒரு பகுதி கறுத்து வழவழவென்று இருந்தது, மீதி பளபளவென்று சொரசொரப்பாக இருந்தது. கறுத்த பகுதி ஏற்கெனவே விரிசல் விட்டு மெல்லப் பரவிய இடம். பளபளப்பான பகுதி அன்று காலை முறிந்தது. அலுமினியம் இப்படித்தான், சுமை திரும்பத் திரும்ப ஏறும்போது சின்ன விரிசலும் கொஞ்சம் கொஞ்சமாக வளரும், கடைசியில் ஒரே நொடியில் விட்டுவிடும். அதன் மேல் வெல்டிங் அடித்தால் இந்த அடையாளம் முழுக்க உருகிப் போய்விடும். அப்புறம் உற்பத்திக் குறை என்று எதைக் காட்டுவது?

துண்டை எல்லாப் பக்கமும் படம் எடுத்து, எண்ணெய், தண்ணீர் எதுவும் படாமல் பாலித்தீன் பையில் கட்டி வைத்தேன். குறை இருக்கிறதா என்று சோதிக்க வேண்டிய பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அனுப்புவதற்குப் பொருள் நம்மிடம் இருக்க வேண்டும்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிந்தேன். கம்பெனி பழைய பதிலையே ஒட்டி அனுப்பியது. அது சமரசத்துக்கான வழிதான், உத்தரவு போடும் இடமில்லை. பிறகுதான் வக்கீல் நோட்டீஸ்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டியது சட்டத்தின் முன் எடுபடாது என்று வக்கீல் விளக்கினார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளால் வரும் தீங்குக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. பொருளைப் பூட்டுவதிலும் சோதிப்பதிலும் உரிய கவனம் காட்டாத விற்பனையாளரும் பொறுப்பு என்கிறது 86ஆம் பிரிவு. "பூட்டியது டீலர்" என்று கம்பெனி எழுதித் தந்த மின்னஞ்சல் கடைக்கு எதிராக என் கையில் இருக்கிறது. கம்பெனியும், "நாங்க இறக்குமதி பண்றோம், அவ்வளவுதான்" என்று கழன்றுகொள்ள முடியாது. வேறொருவர் செய்த பொருளில் தன் முத்திரையைப் போட்டு விற்பவரையும் சட்டம் உற்பத்தியாளர் கணக்கில்தான் வைக்கிறது. அதனால் இரண்டு பேரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்தோம்.

முதலாளி கடைசியாக எடுத்த அஸ்திரம், "பாண்டிச்சேரி பில்லு, பாண்டிச்சேரிக்குத்தான் வந்து கேஸ் போடணும், அலைய முடியுமா?" பழைய 1986 சட்டத்தில் எதிர்த்தரப்பு எங்கே இருக்கிறது, பிரச்சினை எங்கே நடந்தது என்றுதான் பார்ப்பார்கள். இப்போது நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கடலூர் மாவட்ட ஆணையத்தில் போட்டேன். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் ஈ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியவும் வசதி இருக்கிறது.

நோட்டீஸ் போனதும் கடையிலிருந்து ஆள் வந்தார். சைக்கிள் விலையை முழுசாகத் தருகிறோம், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று இந்தத் தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்றார். மருத்துவச் செலவும் சம்பளமில்லாமல் வீட்டில் இருந்த நாட்களும் அதில் இல்லை. உடைந்த வண்டியை ஒப்படைக்க வேண்டும் என்ற வரி மட்டும் மறக்காமல் இருந்தது. கையெழுத்துப் போடவில்லை. வழக்கு போய்க்கொண்டிருக்கிறது.

இதே போன்ற சைக்கிள் வைத்திருப்பவர்கள் இன்றே ஹேண்டில் தண்டின் அடிப்பகுதியை, கீல் இருக்கும் இடத்தைத் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெல்டிங் ஓரத்தில் பெயிண்ட் மயிரிழை போலப் பிளந்திருந்தாலோ, ஹேண்டிலை ஆட்டும்போது கிர்ரென்று சத்தம் வந்தாலோ ஓட்டாதீர்கள். படம் எடுத்து கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் அனுப்புங்கள். போனில் மட்டும் பேசாதீர்கள். வண்டியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், என்ன நிலையில் பெற்றுக்கொண்டார்கள் என்று கடை முத்திரையோடு எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.