கிட்டிஹாக்கா, ஜீரோவா, பி-38ஆ: விழுந்த விமானத்தை மாடலாகச் செய்ய எதை எடுக்கலாம்?

விழுந்து கிடக்கும் போர் விமானம் என்று பேச்சு வந்தாலே மாடல் செய்பவர்கள் நடுவில் மூன்று பெயர்கள் அடிபடும். மூன்றும் இரண்டாம் உலகப் போரின்போது 1942-ல், ஆறு வாரத்துக்குள் தரையிறங்கியவை. 1/48 அளவில் (நிஜத்தில் 48-ல் ஒரு பங்கு) மூன்றுக்கும் கிட், அதாவது ஒட்டிச் செய்யும் பாகங்கள் அடங்கிய பெட்டி, உண்டு. கிருஷ்ணகிரியில் உட்கார்ந்து செய்பவருக்கு என் ஓட்டு கிட்டிஹாக்குக்குத்தான்.

அமெரிக்கப் போர் விமானமான பி-38 ஜூலை 15 அன்று கிரீன்லாந்து பனியில் வயிறு உரச இறங்கியது. 1992-ல் 268 அடி ஆழத்திலிருந்து தோண்டி எடுத்தார்கள், 2002-ல் திரும்பவும் பறந்தது. கதை பிரமாதம், மாடலாகப் பார்த்தால் சப்பென்று இருக்கும். வெள்ளைப் பலகைமேல் அதிகம் அடிபடாத விமானம், அவ்வளவுதான். இறக்கை மட்டுமே 33 செ.மீ. வரும். சமையல் சோடாவில் பனி செய்தால் நாளாக ஆக மஞ்சளடிக்கும்.

ஜப்பானியப் போர் விமானமான ஜீரோ சுவாரசியமானது. ஜூன் 4 அன்று அலாஸ்காவின் டச்சு ஹார்பரை ஜப்பான் தாக்கியபோது எண்ணெய்க் குழாயில் குண்டுபட்டு, அகுட்டான் தீவின் சதுப்பில் சக்கரத்தை இறக்கி அமர்ந்து, அப்படியே குப்புறக் கவிழ்ந்தது. விமானி கோகா அங்கேயே இறந்தார். கவிழ்ந்து கிடப்பதால் காக்பிட் கண்ணில் படாது. புதிதாகச் செய்பவருக்குப் பாதி வேலை மிச்சம். ஜப்பானிய மாடல் கம்பெனியான டாமியாவின் கிட்டுக்கு அழகே காக்பிட்தான் என்பவருக்கு வயிறெரியும். வயிற்றுப்பக்கம் எண்ணெய் வழிந்த கறையை ஆசைதீரக் காட்டலாம். சதுப்புக்குத் தென்னை நார்க்கழிவு போதும்.

பிரிட்டிஷ் விமானப்படையின் கிட்டிஹாக் ஜூன் 28 அன்று எகிப்துப் பாலைவனத்தில் இறங்கியது. கண்ணில் பட்டது 2012-ல். இடைப்பட்ட 70 வருஷமும் மணல் பெயின்ட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தத் தேய்மானத்தைக் கொண்டுவர அடுப்படி உப்பு போதும். முதலில் அலுமினிய நிறம் அடித்துக் காயவிடுங்கள். தண்ணீர் தொட்டு, திட்டுத்திட்டாகத் தூள் உப்பைத் தூவுங்கள். ஈரம் போனதும் மேலே பாலைவனப் பழுப்பை அடித்து, காய்ந்தபின் பழைய டூத்பிரஷால் தேய்த்தால் உப்போடு பெயின்ட்டும் உதிர்ந்து உலோகம் தெரியும். ஒரே சீராகத் தூவிவிட்டால் அம்மை போட்டதுபோல் ஆகிவிடும், ஜாக்கிரதை.

தரைக்கு நம்மூர்ச் செம்மண்ணை அள்ளிப் போடத் தோன்றும். வேண்டாம், சிவப்பு தூக்கலாகத் தெரியும். கிரானைட் அறுக்கும் பட்டறையில் கேட்டால் மாவு போன்ற தூள் கிடைக்கும். கொஞ்சம் மஞ்சள் காவி கலந்து ஃபெவிகால்மேல் சலித்துவிட்டால் சரி. எம்-சாண்ட் மட்டும் போட்டால் கெட்டது: 2 மி.மீ. குருணை இந்த அளவில் கிட்டத்தட்ட 10 செ.மீ. கல். அங்கங்கே நாலைந்து பொறுக்கி வைத்தால் போதும்.

அப்புறம், ப்ரொப்பெல்லரை மூக்கில் ஒட்டிவிடாதீர்கள். நிஜத்தில் அது கழன்று தனியாகக் கிடந்தது. பக்கத்தில் பாராசூட் துணியும் இருந்தது. அதற்கு டிஷ்யூ பேப்பரை ஃபெவிகால் தண்ணீரில் நனைத்துக் கசக்கிப் போடுங்கள். விமானி டென்னிஸ் காப்பிங் என்ன ஆனார் என்பது இன்றுவரை தெரியாது. அதனால் மனித பொம்மை எதையும் வைக்காமல் விடுவதே பொருத்தம்.