அரிட்டாபட்டி: வீட்டுச் சாப்பாடும் மலைச் சுத்தும்

பதினேழு வருசமா மதுரையில டூரிஸ்ட் வண்டி ஓட்டுறேன். கொரோனாவுக்கு முன்னாடி எனக்கு வர்ற பார்ட்டி பாதிக்கு மேல வெளிநாட்டுக்காரங்க. மீனாட்சியம்மன் கோயில், மஹால், அடுத்த நாள் செட்டிநாடு இல்லைன்னா தேக்கடி. மேலூர் ரோட்டுல எத்தனையோ தடவை நரசிங்கம்பட்டியைத் தாண்டியிருக்கேன், ஒரு தடவைகூட அங்கிட்டு இருக்கிற மலையடி ஊரான அரிட்டாபட்டிப் பக்கம் வண்டியைத் திருப்பினதில்லை.

2020 மார்ச்சுல டூரிஸ்ட் விசா நின்னுச்சு, எல்லாருக்கும் திரும்பக் குடுத்தது 2021 நவம்பர்லதான். வண்டி டியூ கட்ட வீட்டு நகை போச்சு. 2020 செப்டம்பர்ல மத்த ஊருக்கு இ-பாஸை எடுத்தப்பவும் கொடைக்கானல் மாதிரி மலை ஊருக்குக் கேட்டாங்க. "பக்கத்துலயே மலை எதாச்சும் இருக்காண்ணே"ன்னு மதுரைக் குடும்பங்க கேக்க ஆரம்பிச்சது அப்பதான்.

அப்படி அரிட்டாபட்டிக்குக் கூட்டிட்டு வந்த முதல் நாள், ஊர் மந்தையிலயே ஒரு பெரியவர் மறிச்சுட்டார். "டவுன்ல இருந்து நோயைக் கொண்டாந்து விட்றாதீங்கப்பா. மலை மேல பாட்டிலை உடைச்சுட்டும் போகாதீங்க." ரெண்டுமே அவங்க பட்டுட்டுச் சொன்னது.

இப்ப நான் கூட்டிட்டுப் போறது அதே ஊர்ல ஒரு அக்கா வீட்டுக்கு. அவங்க வீட்டுக்காரர் திருப்பூர் கம்பெனியில இருந்து ஊரடங்குல திரும்பினவர், மறுபடி போகலை. போய் இறங்கினதும் சொம்புல கம்மங்கூழ். சின்ன வெங்காயத்தை உள்ளங்கையால நசுக்கி அப்படியே உள்ள போடுவாங்க, பக்கத்துல மோர் மிளகாய். மத்தியானம் நாட்டுக்கோழிக் குழம்பு. அம்மியில அரைச்ச மிளகு வாசம் தெருமுனை வரைக்கும் வரும். ஆளுக்கு 250 ரூபாய். ரசம் மட்டும் எனக்குப் புளிப்பு கொஞ்சம் தூக்கல்.

மலை சுத்திக் காட்டுறது அவங்க பையன், ஒரு குழுவுக்கு 300. காலேஜ் ஆன்லைன் கிளாஸுக்கு வீட்டுல டவர் கிடைக்கலைன்னு பாறை மேல ஏறி உக்காந்து படிச்சவன். அந்த ஒரு வருசத்துல எந்தப் பறவை எந்த இடுக்குல அடையுதுன்னு அத்துப்படி ஆயிருச்சு. செங்குத்துப் பாறையில வெள்ளையா வழிஞ்சிருக்கிற எச்சத்தைக் காட்டி, "அதுக்கு மேல பாருங்க"ன்னான். பார்த்தா வல்லூறு! குடைவரைக் கோயில்ல கையில தடியோட உக்காந்திருக்கிற, சிவனோட அவதாரம்னு சொல்ற இலகுலீசரையும் பொறுமையா நின்னு காட்டுறான். அவசரப்படுத்த மாட்டான்.

2022 நவம்பர்ல இந்த இடத்தைத் தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா, அதாவது செடிகொடி, பறவை, விலங்குகளுக்காகக் காப்பாத்த வேண்டிய இடமா அறிவிச்ச பிறகு கூட்டம் கூடிருச்சு. ஆனாலும் இந்த வீட்டுல ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்கு மேல எடுக்க மாட்டாங்க. ஒரு தடவை வேன்ல பதினெட்டுப் பேரைக் கூட்டிட்டுப் போய்த் திரும்பி வந்தேன். அன்னைக்கு ரொம்பக் கோபம். குஞ்சு பொரிக்கிற நேரத்துல பாறைக்குக் கீழ பதினெட்டுப் பேர் சத்தம் போட்டா என்ன ஆகும்னு அந்தப் பையன் போன்ல சொன்னப்ப எனக்குப் பதில் வரலை.

ஒரே குறை, கழிப்பறை. வீட்டுல இருக்கிற ஒண்ணுதான், மலைப் பக்கம் எதுவும் கிடையாது. வயசானவங்க, பொம்பளைங்க வந்தா முன்கூட்டியே சொல்லிருங்க. ஜிபே சில நேரம் சுத்திக்கிட்டே நிக்கும், சில்லறையா பணம் வச்சுக்கங்க. தயவுசெஞ்சு பேரம் பேசாதீங்க.

கோழி வேணும்னா முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள போன் பண்ணணும். எடுக்கலைன்னா வயல்ல இருப்பாங்க, அரை மணி கழிச்சுக் கூப்பிடுங்க.