வெண்கல புஷ் கடையக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: எமரி (தேய்ப்புத் தாள்) போட விடாதீர்கள்

பம்புக்கு ஒரு பாஸ்பர் பிரான்ஸ் (ஒரு வகை வெண்கலம்) புஷ், அதாவது ஷாஃப்ட் உள்ளே சுழலும் குழல், கடைந்து, அது உட்காரும் கூடான ஹவுசிங்கில் அழுத்திப் பொருத்தித் தரும்படி ஒரு லேத் பட்டறையில் கொடுத்தேன். ஷாஃப்ட் 25 மி.மீ. அதற்கும் புஷ்ஷுக்கும் இடைவெளி 0.03 மி.மீ. வேண்டும் என்று வரைபடத்திலேயே எழுதியிருந்தேன். வேலை முடிந்து வந்தபோது துளை பளபளவென்று இருந்தது, ஷாஃப்டும் சுலபமாகச் சுழன்றது.

ஓடவிட்ட கொஞ்ச நாளிலேயே சூடும் சத்தமும். பிரித்துப் பார்த்தால் ஷாஃப்ட் சுற்றிலும் வரிவரியாகக் கீறல், புஷ்ஷோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது! மென்மையான வெண்கலம் பிழைத்து, எஃகு தேய்ந்தால் சந்தேகப்பட வேண்டியது எமரியைத்தான். அதன் துகள் வெண்கலத்துக்குள் புதைந்துகொள்ளும். எவ்வளவு கழுவினாலும் முழுக்க வராது. அப்புறம் புஷ்ஷே ஷாஃப்டை அரைக்கும் கல்லாகிவிடுகிறது.

நேரில் கேட்டபோது, "ஷாஃப்ட் டைட்டா இருந்துச்சு, லேசா எமரி காட்டினோம்" என்று சாதாரணமாகச் சொன்னார்கள். டைட் ஆகாமல் என்ன செய்யும்? புஷ்ஷை வெளியிலேயே முடிவு அளவுக்கு போரிங் செய்துவிட்டு (உள்துளையைக் கடைந்துவிட்டு) அழுத்தியிருக்கிறார்கள். சுவர் மெல்லிய புஷ்ஷை 0.04 மி.மீ. இறுக்கத்தோடு (ஹவுசிங் துளையைவிட அவ்வளவு பெரிதாக வைத்து) அழுத்தினால் உள்துளையும் கிட்டத்தட்ட அதே அளவு சுருங்கும். வைத்த இடைவெளி அங்கேயே போய்விட்டது. இது தெரியாமல் நடந்த தவறாகவே இருக்கட்டும், அதை மறைக்க எமரி போட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. புது ஷாஃப்டின் செலவைக் கேட்டதற்கு, எண்ணெய் சரியில்லை என்று என் மேலேயே பழி போட்டார்கள். ஒரு பைசா திரும்பவில்லை.

வேலை கொடுக்கும்முன் ஒன்றைக் கேளுங்கள்: கடைசி அளவை எப்போது, எதைக்கொண்டு எடுப்பீர்கள்? புஷ்ஷை அழுத்திய பிறகு, ஹவுசிங்கோடு சேர்த்து, கூரான டூலாலோ ரீமராலோ (துளையை அளவுக்குச் சீவும் கருவி) எடுக்க வேண்டும். ஆறியபின்தான் அளக்க வேண்டும். 40 டிகிரி கூடுதல் சூட்டில் 25 மி.மீ. வெண்கலத் துளை 0.018 மி.மீ. பெரிதாகக் காட்டும், அதாவது நாம் கேட்ட இடைவெளியில் பாதிக்கும் மேல். மூன்று தாடை சக்கில் (லேத்தின் பிடிப்பான்) மெல்லிய புஷ்ஷை இறுக்கிக் கடைந்திருந்தால் துளை முக்கோண வாக்கில் கோணியிருக்கும். இரண்டு முனை கேஜில் அது தெரியாது, மூன்று முனை போர் மைக்ரோமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். எமரி போட்ட புஷ் ஏற்கெனவே கையில் இருந்தால் ஷாஃப்டை ஏற்றாதீர்கள், புதிதாக ஒன்று கடையச் சொல்லுங்கள்.