திருச்சியில் 21 நாள்: அம்மாவுக்கு மனநல மருத்துவர் தேடியபோது

அப்பா போன ஆடியில் இறந்தார். தை பிறந்து நான் அமெரிக்காவின் எடிசனிலிருந்து உறையூர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மா பாதியாக இளைத்திருந்தாள். விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து, கூடத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பாள். கேட்டால் வயிறு எரிகிறது, நெஞ்சு படபடக்கிறது என்பாள். சித்தப்பா மகன் அதற்குள் ஈ.சி.ஜி., எக்கோ, எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டான். எல்லாம் நார்மல். என் கையில் இருந்தது 21 நாள்.

மனநல மருத்துவரைப் பார்க்கலாமா என்று கேட்டதும் அம்மா முகம் மாறியது. "என்னைக் கீழ்ப்பாக்கத்துல கொண்டுபோய் விடப் போறியா?" என்றாள். சென்னையின் மனநல மருத்துவமனை இருக்கிறது என்பதற்காக ஒரு ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம் நாம். அத்தை வேறு வழி சொன்னார்: குணசீலம். பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் உச்சிகால பூஜையின்போது முகத்தில் தீர்த்தம் அடிப்பார்கள். மனம் சரியில்லாதவர்களை அங்கே 48 நாள் தங்கவைப்பது திருச்சிப் பக்கம் பழைய வழக்கம். அத்தையோடு அம்மா ஒரு சனிக்கிழமை போய்விட்டு வந்தாள். நான் தடுக்கவில்லை. வரும்போது கொஞ்சம் தெளிவாகக்கூட இருந்தாள். ஆனால் அன்றைக்கும் மூன்று மணிக்கு எழுந்துவிட்டாள்.

முதலில் நாங்கள் போனது ஒரு கவுன்சலிங் மையம். பெயர் வேண்டாம். ஏசி அறை, சுவர் முழுக்கச் சான்றிதழ்கள், பெயருக்கு முன்னால் 'டாக்டர்'. அம்மா பேசியது ஐந்து நிமிடம், அவர் பேசியது நாற்பது நிமிடம். பாசிட்டிவாக நினையுங்கள், மனதில் உறுதி வேண்டும், பிறந்தவர்கள் எல்லாரும் ஒருநாள் போகத்தானே வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பத்து அமர்வுக்கு மொத்தமாகக் கட்டினால் 6,000 ரூபாய் என்றார்கள், கட்டினேன். பிறகுதான் விசாரித்தேன். அந்த 'டாக்டர்' ஒரு கௌரவப் பட்டம். கவுன்சலிங் என்று அவர் படித்தது சில மாதத்து அஞ்சல்வழிச் சான்றிதழ். பணம் திரும்பக் கிடைக்கவில்லை. அது போகட்டும். திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா, "எனக்குத்தான் மனசுல தெம்பு இல்ல போலிருக்கு" என்றாள். துக்கத்தில் இருந்தவளைக் குற்ற உணர்வோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார் அவர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நியூ ஜெர்சியில் ஒரு மனநல மையத்தைத் தேடினால், அங்கே இருக்கும் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருப்பார்கள். எங்கே படித்தார், என்ன உரிமம், எந்தெந்த மொழி பேசுவார், துக்கமா குடியா குழந்தைகளா, எதில் அனுபவம் என்று இருக்கும். வீட்டில் நாய் வளர்க்கிறார் என்பதுவரை போட்டிருப்பார்கள். நாய் எதற்கு என்று முன்பு நினைத்திருக்கிறேன். முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் உட்கார்ந்து அழப்போகிறவருக்கு அது ஒரு சின்னப் பிடிமானம் என்று அம்மாவோடு அலைந்தபோதுதான் புரிந்தது. இங்கே பெயர்ப்பலகையில் இருப்பது படிப்பைக் குறிக்கும் நாலைந்து எழுத்துகள்தான். சரி, அதையாவது ஒழுங்காகப் படிக்கத் தெரிந்துகொள்வோம் என்று இரண்டு இரவு உட்கார்ந்தேன்.

மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்குமேல் மனநலத்தில் எம்.டி.யோ டி.பி.எம்.மோ டி.என்.பி.யோ படித்தவர். மருந்து எழுதுவது அவர் வேலை. மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண் அவருடைய மருந்துச் சீட்டில் இருக்க வேண்டும். மருத்துவ உளவியலாளர் வேறு. உளவியலில் முதுகலை முடித்து, இரண்டு ஆண்டு முழுநேர எம்.பில். படித்து, அந்தக் காலத்தில் மூத்தவர்களின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பழகியவர். இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்திருப்பார். மருந்து எழுத மாட்டார். மனநல சமூகப் பணியாளர் என்று ஒருவர் உண்டு என்பதே எனக்கு அதுவரை தெரியாது. சமூகப்பணியில் முதுகலை, அதற்குமேல் இரண்டாண்டு எம்.பில். வீட்டு நிலவரத்தைப் பார்த்து, குடும்பத்தோடு பேசுகிறவர் இவர். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்த மூவருக்கும் என்ன படிப்பு வேண்டும் என்று தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. கவுன்சிலர் என்ற சொல்லுக்கு அதில் அப்படி வரையறை கிடையாது. நல்ல கவுன்சிலர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லை மட்டும் நம்பி அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது.

இரண்டாவது இடத்தைச் சொன்னவர் எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா. சின்ன கிளினிக், மாடியில் மூன்று அறை. போவதற்கு முன்பே போன் செய்து, யார் யார் இருக்கிறார்கள், என்ன படித்திருக்கிறார்கள் என்று கேட்டேன். தயங்கித்தான் கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண் கொஞ்சமும் முகம் சுளிக்காத குரலில் எல்லாம் சொன்னார். உளவியலாளரின் ஆர்.சி.ஐ. எண்ணைக் கேட்டபோது வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அந்த ஐந்து நிமிடப் பேச்சிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

மருத்துவர் ஐம்பதைத் தாண்டியவர், துறையூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவர் அறைச் சுவரில் ஒரு வயதான அம்மாளின் படம் இருந்தது. "உங்க அம்மாங்களா?" என்று அம்மா கேட்டாள். "இல்லம்மா, சாரதா மேனன். இந்தியாவுல மொத பொம்பள மனநல டாக்டர். நீங்க பயப்படற கீழ்ப்பாக்கத்துக்கு 1961-லேர்ந்து அவங்கதான் பொறுப்பு. நானும் அங்கதான் படிச்சேன்" என்றார். ஓய்வு பெற்ற பிறகு சாரதா மேனன் 1984-ல் சென்னையில் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கியதையும், 2021-ல் 98 வயதில் மறைந்ததையும் சொன்னார். அம்மா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழ்ப்பாக்கம் என்றால் அவள் மனதில் இருந்தது பூட்டிய கதவு மட்டும்தான். அங்கே ஒரு பெண் நாற்காலி போட்டு உட்கார்ந்து வைத்தியம் பார்த்திருக்கிறார் என்பது அவளுக்குப் புதுச் செய்தி.

இந்த மருத்துவர் முதலில் எலும்பு மருத்துவராகத்தான் ஆசைப்பட்டாராம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிவைத்திருந்த நோயாளிகள் 28 பேர் இறந்தபோது இவர் எம்.பி.பி.எஸ். முடித்த புதிது. அதற்குப் பிறகு மனம் மாறிவிட்டது என்றார். படித்து முடித்துப் பல வருடம் அரசு மாவட்ட மனநலத் திட்டத்தில் வேலை. தமிழ்நாட்டில் அந்தத் திட்டம் முதலில் வந்தது திருச்சி மாவட்டத்தில்தான், 1997-ல். மணப்பாறை, முசிறி அரசு மருத்துவமனைகளுக்கு வாரம் தவறாமல் போயிருக்கிறார். வயிறு எரியுது, கை கால் ஓயுது என்று வருகிறவர்களுக்குள் இருக்கும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க அங்கேதான் பழகினேன் என்றார். அம்மா சொன்ன வயிற்றெரிச்சலை அவர் அவசரப்படுத்தாமல் முழுக்கக் கேட்டார்.

பிறகு, "தூக்கத்துக்கு ஏதாவது போடறீங்களா?" என்று கேட்டார். அம்மா சுருக்குப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். அல்ப்ரசோலம். தெரிந்த ஒருவர் சொல்லி, மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கி, ஐந்து மாதமாகப் போட்டிருக்கிறாள். சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத எச்-1 பட்டியலில் உள்ள மருந்து அது. எனக்கும் தெரியாது, தினமும் வந்து பார்த்த சித்தப்பா மகனுக்கும் தெரியாது. மருத்துவர் திட்டவில்லை. திடீரென்று நிறுத்தக் கூடாது, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தார். தைராய்டு, பி12, சோடியம் பார்க்கச் சொன்னார். மனச்சோர்வுக்குக் குறைந்த அளவில் ஒரு மாத்திரை தொடங்கினார். வயதானவர்களுக்கு இந்த வகை மாத்திரையால் சோடியம் இறங்கலாம், இரண்டு வாரத்தில் மறுபடி பார்த்துவிடுவோம் என்றார். குணசீலம் போகலாமா என்று அம்மா கேட்டதற்கு, "தாராளமா போங்கம்மா, மாத்திரைய மட்டும் விட்றாதீங்க" என்றார்.

உளவியலாளர் முப்பதுகளில் இருக்கும் பெண். உட்கார்ந்ததும் கேள்வி கேட்டது அம்மாதான். "எந்த ஊரும்மா நீ? கல்யாணம் ஆயிடுச்சா?" எனக்குக் கூச்சமாக இருந்தது. நம்மவர்கள் ஊரைக் கேட்பது பல சமயம் சாதியைத் தெரிந்துகொள்ளத்தான். அவர் நிதானமாக, "மண்ணச்சநல்லூரும்மா. ஆயாதான் என்னை வளத்தாங்க. அவங்களுக்கும் உங்க வயசுதான் இருக்கும்" என்றார். கல்யாணக் கேள்விக்குச் சிரித்துவிட்டு, "உங்களப் பத்திச் சொல்லுங்கம்மா" என்று திருப்பிவிட்டார். எதைச் சொல்வது, எதோடு நிறுத்திக்கொள்வது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அம்மாவும் அதற்குமேல் கேட்கவில்லை. ஆயா வளர்த்த பெண் என்பது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள்.

மூன்றாவது அமர்வு முடிந்து அம்மா கண் சிவந்து வந்தாள். என்ன பேசினாள் என்று உளவியலாளரிடம் கேட்டேன். "அத அம்மாதான் உங்ககிட்ட சொல்லணும். நான் சொல்லக் கூடாது" என்றார். நோயாளியின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்ற உரிமை சட்டத்திலும் இருக்கிறது. ஆனாலும் எனக்கு மனம் சுருங்கியது. பெற்ற மகள் நான், அங்கிருந்து பறந்து வந்திருக்கிறேன் என்றெல்லாம் தோன்றியது.

சமூகப் பணியாளர் அதைக் கவனித்திருக்க வேண்டும். ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். பத்து வருடம் மறுவாழ்வு இல்லம் ஒன்றில் வேலை பார்த்தவர். அவருடைய சொந்த அண்ணனுக்கு மனச்சிதைவு. "அண்ணன் என்கிட்ட பேசாதத ஆஸ்பத்திரில வெளில உக்காந்திருந்த வாட்ச்மேன்கிட்ட பேசுவாரு. எனக்கு ரொம்ப நாள் அது வருத்தம்" என்றார். அப்புறம் பேச்சை மாற்றி, நான் போன பிறகு மாத்திரையை யார் பார்த்துக்கொள்வது, சோடியம் பரிசோதனைக்கு யார் கூட்டிப் போவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். சித்தப்பா மகனைப் போனில் பிடித்துப் பேசினார். ராத்திரியில் அவசரமென்றால் 14416-ஐக் கூப்பிடலாம், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம் என்று எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி அம்மாவிடம் கொடுத்தார்.

கட்டணம், மருத்துவருக்கு முதல் முறை 600 ரூபாய், உளவியலாளருக்கு ஒரு அமர்வுக்கு 800. ரசீது கொடுத்தார்கள்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், ராத்திரி பாய் விரித்துப் படுத்திருந்தபோது அம்மாவாகவே சொன்னாள். கடைசி ராத்திரி அப்பா தண்ணீர் கேட்டாராம். அடுப்பில் பால் இருந்தது, "இருங்க, வரேன்" என்று சொல்லிவிட்டு இரண்டு நிமிடம் கழித்துத்தான் போனாளாம். ஆறு மாதமாக அந்த இரண்டு நிமிடத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். "அந்தப் பொண்ணுகிட்டதான் மொதல்ல சொன்னேன். அவ ஒண்ணும் சொல்லல, கேட்டுக்கிட்டே இருந்தா" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த அமர்வு செவ்வாய்க்கிழமை பதினொரு மணி. ஆட்டோக்காரரிடம் தானே சொல்லி வைத்துவிட்டதாக, நான் விமான நிலையத்தில் இருந்தபோது போன் செய்தாள்.