கூட்டுக் கேப்சூலா, தனி மாத்திரையா? நெஞ்சு கரிப்புக்கும் செரிமான மந்தத்துக்கும் நான் தேர்ந்த வழி

குடியாத்தத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு வயது 62. சர்க்கரை நோய் வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டது நள்ளிரவு வரை வயிற்றிலேயே கிடப்பதுபோன்ற மந்தமும், படுத்தவுடன் தொண்டைக்கு ஏறிவரும் புளித்த எதுக்களிப்பும் நான்கு ஆண்டுகளாக என்னோடு இருக்கின்றன. பான்டோபிரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்த கூட்டுக் கேப்சூல், மெட்டோகுளோபிரமைடு மாத்திரை, பான்டோபிரசோலைத் தனியாகவும் டோம்பெரிடோனைத் தேவைப்படும் சில நாள்கள் மட்டும் வேறாகவும் எடுப்பது என மூன்று வழிகள் என் முன் இருந்தன. முதல் வழியில் இரண்டரை ஆண்டுகள் நடந்துவிட்டு, இப்போது மருத்துவரின் ஆலோசனையோடு மூன்றாவதில் இருக்கிறேன். இது நல்ல மாற்றம் என்றே நம்புகிறேன்.

அமிலத்தைக் குறைப்பது பான்டோபிரசோலின் வேலை. இரைப்பையை முன்னோக்கித் தள்ளவைப்பது மற்ற இரண்டின் வேலை. இரைப்பையின் அசைவுக்குக் கடிவாளம் போடுவது டோபமைன் என்ற வேதிப்பொருள். அதன் பிடியைத் தளர்த்தினால் உணவு விரைவாகக் குடலுக்கு இறங்குகிறது, குமட்டலும் அடங்குகிறது. பலனைப் பொறுத்தவரை மூன்று வழிகளுமே எரிச்சலையோ மந்தத்தையோ ஓரளவு தணிக்கக்கூடியவைதாம். விலையும் என் முடிவைத் தீர்மானிக்கவில்லை.

மெட்டோகுளோபிரமைடை நான் உட்கொண்டதில்லை. ஆம்பூரில் இருக்கும் என் அக்கா உட்கொண்டார். நான்காம் நாளே கால்களை ஓரிடத்தில் வைக்க முடியாத தவிப்பு வந்து, விடிய விடியக் கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். மருத்துவர் மருந்தை நிறுத்திய பிறகு அது அடங்கியது. இந்த மருந்து மூளைக்குள்ளும் நுழைந்து அங்குள்ள டோபமைனையும் தடுப்பதால்தான் இப்படி நேர்கிறது. நீண்ட நாள் எடுத்தவர்களில் சிலருக்கு வாய், நாக்கு, முகத் தசைகள் தாமாகவே அசையும் கோளாறு வந்து, மருந்தை விட்ட பின்னும் நீங்காமல் போகலாம். முதியோர், பெண்கள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோருக்கு அந்த ஆபத்து கூடுதல். அமெரிக்க மருந்து ஆணையம் 2009-இல் கட்டம் கட்டிய எச்சரிக்கையை இதன்மேல் சேர்த்து, 12 வாரங்களுக்கு மேல் எடுக்கலாகாது என்றது. ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல் அதை ஐந்து நாள்களாகச் சுருக்கியது. பார்க்கின்சன் நோய் உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். ஓர் அக்காவின் அனுபவத்தை வைத்து எல்லாருக்கும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் என் வயதும் சர்க்கரையும் சேர்ந்து இந்த வழியை எனக்கு அடைத்துவிட்டன.

டோம்பெரிடோன் மூளைக்குள் அதிகம் நுழைவதில்லை என்பதால் அந்தக் கவலை இதில் குறைவு. ஆனால் இதயத் துடிப்பின் மின் ஒழுங்கைக் குலைக்கும் ஆபத்து இதற்கு உண்டு; 60 வயதைக் கடந்தவர்களுக்கும், நாளொன்றுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் எடுப்பவர்களுக்கும் அது கூடுகிறது. ஐரோப்பிய முகமை 2014-இல், குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும், 10 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று முறைக்கு மிகாமல், பொதுவாக ஒரு வாரத்துக்குள் என்று இதற்கு எல்லை வகுத்தது. நான் விழுங்கிவந்த கேப்சூலில் பான்டோபிரசோல் 40 மில்லிகிராமோடு, மெல்ல மெல்லக் கரையும் டோம்பெரிடோன் 30 மில்லிகிராம் இருந்தது. அதாவது, ஒரு வாரத்துக்கென்று சொல்லப்பட்ட உச்ச அளவை நான் இரண்டரை ஆண்டுகள் நாள்தோறும் எடுத்திருக்கிறேன். மருத்துவர் முதலில் எழுதியது 15 நாள்களுக்குத்தான். அந்தப் பழைய சீட்டைக் காட்டிக் காட்டி ‘கேஸ் மாத்திரை’ என்று கேட்டு வாங்கியவன் நான். கேட்டபோதெல்லாம் கொடுத்தன கடைகள்.

இது எனக்குத் தெரியவந்தது ஒரு மார்கழியில். தொண்டைப் புண்ணுக்காக வேறொரு மருத்துவரிடம் போனபோது, அன்றாடம் எடுக்கும் கேப்சூலைப் பற்றிச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அவர் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எழுதித் தந்தார். காட்பாடியில் ஒரு மருந்துக் கடையில் அதையும் கேப்சூலையும் சேர்த்துக் கேட்டபோது, அங்கிருந்த மருந்தாளுநர் பெண், “சார், இது ரெண்டையும் சேர்த்துப் போடக் கூடாது, டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க” என்று இரண்டையுமே எடுத்து வைத்துவிட்டார். கிளாரித்ரோமைசின் உடலில் டோம்பெரிடோனின் அளவை ஏற்றுவதோடு, தானும் இதயத்தின் அதே ஒழுங்கைக் குலைக்கக்கூடியது. எரித்ரோமைசினும் பூஞ்சைக்குத் தரும் கீட்டோகோனசோலும் அவ்வாறே. அந்தப் பெண் அன்று என் உயிரையே காத்திருக்கலாம். மறுநாள் என் மருத்துவர் ஈசிஜி எடுத்துப் பார்த்தார். நல்லவேளையாகக் குறை எதுவும் இல்லை.

நான் வழி மாறியதற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. கூட்டுக் கேப்சூலுக்குள் இருக்கும் இரு மருந்துகளுக்கும் கால வரம்பு ஒன்றல்ல. பான்டோபிரசோலைத் தேவை இருந்தால் மருத்துவரின் கண்காணிப்பில் மாதக்கணக்கில் எடுக்கலாம். டோம்பெரிடோனை நாள்கணக்கில் எண்ணித்தான் எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே உறையில் அடைத்துவிட்டால், அமிலத்துக்காக நீட்டிக்கும் ஒவ்வொரு நாளும் டோம்பெரிடோனும் கூடவே நீள்கிறது. ஒன்றை மட்டும் நிறுத்த வழியே இல்லை. காலையில் ஒன்றை விழுங்கினால் போதும் என்ற வசதி பெரிதுதான். எனக்கும் அது பிடித்திருந்தது. தனித்தனியாக வைத்துக்கொண்டால், மந்தம் மிகும் வாரத்தில் மட்டும் மருத்துவர் சொன்னபடி டோம்பெரிடோன் 10 மில்லிகிராமைச் சாப்பாட்டுக்கு முன் எடுத்து, சொன்ன நாள்கள் முடிந்ததும் நிறுத்திவிட முடிகிறது. நடுவில் வேறு நோய்க்கு மருந்து வந்தாலும் எதை விட வேண்டும் என்பது தெளிவாக இருக்கிறது. வயிற்றெரிச்சலுக்கு அமிலத்தை முறிக்கும் டானிக் (ஆன்டாசிட்) குடிப்பவர்கள் அதை டோம்பெரிடோனோடு சேர்த்துக் குடித்தால் மாத்திரை சரியாக உறிஞ்சப்படாது என்பதால் இடைவெளி விட வேண்டும்.

தனிப் பான்டோபிரசோலுக்கும் குறைகள் உண்டு. காலை இட்லிக்கு அரை மணி நேரம் முன்பு, கடிக்காமல் முழுதாக விழுங்கினால்தான் அது சரியாக வேலை செய்யும். ஆண்டுக்கணக்கில் எடுத்தால் பி12 வைட்டமினும் மெக்னீசியமும் குறையலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு அதுவும் பி12-ஐக் குறைப்பதால், நான் அதை ரத்தத்தில் சோதித்துக்கொள்கிறேன். திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிடக் கூடுதலாகச் சுரந்து சில வாரங்கள் வாட்டும். எனக்கு 40-இலிருந்து 20 மில்லிகிராமுக்கு மெல்ல இறக்கினார்கள்.

இரைப்பையை அசைக்கத் தரும் இன்னொரு மருந்தான இட்டோபிரைடை நான் பயன்படுத்தியதில்லை. அதை எடுக்கும் நண்பர் ஒருவர் நன்றாக இருக்கிறார் என்பதற்கு மேல் என்னிடம் அனுபவம் இல்லை. லெவோசல்பிரைடு கலந்த கேப்சூலை நீண்ட நாள் எடுப்பவர்களிடம் மட்டும் ஒன்று சொல்வேன்: அதுவும் டோபமைனைத் தடுப்பதே. கை நடுக்கமோ நடையில் தளர்ச்சியோ தெரிந்தால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அந்தக் கேப்சூலைக் காட்டுங்கள்.

எந்த வழியானாலும், விழுங்கச் சிரமம், கறுத்த மலம், ரத்த வாந்தி, காரணமில்லாத எடைக் குறைவு இவற்றில் ஒன்று இருந்தால் மாத்திரையால் மூடி மறைக்காமல் உடனே போய்க் காட்ட வேண்டும். வியர்வையோடு நெஞ்சை அழுத்தி, தாடைக்கோ தோளுக்கோ பரவும் வலியை ‘கேஸ்’ என்று எண்ணி வீட்டில் உட்கார்ந்திருக்கலாகாது. சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு வெறும் நெஞ்செரிச்சலைப்போலவும் வரும்.

கொழுப்பு இரைப்பையைத் தாமதப்படுத்தும் என்பதால், ஆம்பூர்க் கல்யாண வீடுகளில் பிரியாணியையும் எண்ணெய்க் கத்தரிக்காயையும் மதியத்தில் அரைத் தட்டோடு நிறுத்திக்கொள்கிறேன். இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முடித்துப் பத்து மணிக்குப் படுக்கிறேன். டோம்பெரிடோன் தொடங்கிய தேதியையும் நிறுத்த வேண்டிய தேதியையும் அட்டையின் பின்புறம் பேனாவால் எழுதி வைக்கிறேன்; கடந்த ஆறு மாதங்களில் இரண்டு முறைதான் அப்படி எழுத நேர்ந்தது.