நாய்க்கு "வருஷப் பேக்கேஜ்" உண்ணி மருந்து: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் நாய் வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "உண்ணி, தெள்ளுப்பூச்சி, இதயப்புழு மூணுக்கும் சேர்த்து ஒரே பேக்கேஜ், வருஷம் முழுக்க நீங்க கவலையே பட வேணாம்" என்று சொல்லி எங்களிடம் ரூ.7,500 வாங்கினார்கள். அதை நம்பியிருந்த நேரத்தில் எங்கள் மணி செத்துப் பிழைத்தான். கடை புதுச்சேரியில் இருக்கிறது. நாயைக் குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது, தீனி விற்பது என்று எல்லாம் செய்கிற கடை. புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. இதே பேக்கேஜ் நாளைக்கு வேறு பெயரில் வேறு கடையிலும் உங்கள் முன்னால் வந்து நிற்கலாம் என்பதால் பெயரைவிட அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம்.

மணி சிப்பிப்பாறைக் கலப்பு, 18 கிலோ. எங்கள் வீடு மஞ்சக்குப்பத்தில். மழை விட்டு வெயில் ஏறும்போது இங்கே உண்ணித் தொல்லை ஆரம்பிக்கும். காதுக்குள், விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் என்று ஒட்டிக்கொண்டு வரும். பேக்கேஜ்படி மாதம் ஒரு முறை மருந்துக் குளியல், கழுத்தில் சொட்டு மருந்து, அப்புறம் வருஷத்துக்கு ஒரே ஒரு "இதயப்புழு ஊசி". பணம் கட்டியதும் லேமினேட் செய்த ஓர் அட்டை கொடுத்தார்கள். நாய்ப் பாதம் போட்டுப் பன்னிரண்டு கட்டம். ஒவ்வொரு முறையும் ஒரு கட்டத்தில் முத்திரை குத்துவார்கள். அட்டை பார்க்க அவ்வளவு அழகு. அதில் மருந்தின் பெயர் எங்குமே கிடையாது.

அங்கே என்ன நடந்தது என்பதற்கு என் மகள் எடுத்த வீடியோதான் சாட்சி. குளிக்கும்போது மணி மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பான், அதற்காக எடுத்தது. ஷாம்பூ போட்டுக் கழுவுகிறார்கள். துண்டால் துவட்டி, காற்று அடிக்கிறார்கள். முடி பாதிதான் காய்ந்திருக்கிறது. வேலைக்கு நின்ற பையன் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு சிறு பிளாஸ்டிக் குழாயை எடுக்கிறான். அதன் முனை ஏற்கெனவே வெட்டி, மடக்கி, செல்லோடேப் ஒட்டியிருக்கிறது. டேப்பைப் பிரித்து மணியின் கழுத்தில் நாலைந்து சொட்டு விடுகிறான். ஈர முடியின் மேல் நின்ற சொட்டு அப்படியே தோள்பட்டைப் பக்கம் வழிகிறது. பையன் மறுபடி டேப்பை ஒட்டி, குழாயை இழுப்பறைக்குள் போட்டு மூடுகிறான். "பெரிய நாய் சைஸ் இது. மூணு நாய்க்கு வரும்" என்று வீடியோவிலேயே பெருமையாகச் சொல்கிறான்.

அதன்பிறகு கொஞ்ச நாளில் மணி சாப்பாட்டைத் தொடவில்லை. உடம்பு கொதித்தது. மாடிப்படி ஏறுகிறவன் வாசலிலேயே படுத்துக்கொண்டான். ஒரு நாள் காலை மூக்கிலிருந்து ரத்தம் சொட்டித் தரையில் கிடந்தது. கடலூரிலேயே ஒரு கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த அம்மா முதலில் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார், வெளிறிப்போயிருந்தது. அடிவயிற்றில் சிவப்பு சிவப்பாகப் புள்ளிகள். காதை மடக்கினால் உள்ளே ரத்தம் குடித்து ஆமணக்கு விதை போல உப்பிய உண்ணிகள். மருந்து போட்ட நாயின் காதுக்குள்!

ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் 32,000. நாய்க்குச் சாதாரணமாக 2 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல்தான், எர்லிக்கியா என்கிற கிருமி. நம் வீட்டு நாய்களில் பெரும்பாலும் ஏறுகிற பழுப்பு உண்ணி கடித்து ரத்தம் குடிக்கும்போது இது உள்ளே போகிறது. டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள், குளுக்கோஸ், திரும்பத் திரும்ப ரத்தப் பரிசோதனை என்று ரூ.11,000 தாண்டிவிட்டது. மணி தேறிவிட்டான் என்பது முதல் நிம்மதி.

"இந்த மாசம் உண்ணிக்கு என்ன போட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார். அட்டையை எடுத்து நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முத்திரை இருக்கு சார், மருந்து எங்க?" என்றார். அப்போதுதான் மகள் அந்த வீடியோவைக் காட்டினாள். டாக்டர் அதை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். பிறகு அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன்.

கழுத்தில் விடுகிற சொட்டு மருந்தில் பரவலாக இருப்பது ஃபிப்ரோனில். இது தோலில் உள்ள எண்ணெயோடு கலந்து உடம்பு முழுக்கப் பரவி, எண்ணெய்ச் சுரப்பிகளில் தங்கி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து வேலை செய்கிறது. ஷாம்பூ போட்டு அந்த எண்ணெயை வழித்தெடுத்த கையோடு ஈரத்தோலில் விட்டால் மருந்து எதில் பரவும்? மருந்து போடுவதற்கு இரண்டு நாள் முன்பும், போட்ட பின் இரண்டு நாளும் குளிப்பாட்டாமல் இருக்க வேண்டும். இந்தக் கடையில் குளியலும் சொட்டும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், பேக்கேஜே அப்படித்தான். முடியை வகிடு பிரித்து, தோல் தெரிகிற இடத்தில் விடவும் இல்லை.

அளவும் எடையைப் பொறுத்தது. ஃபிப்ரோனில் மட்டும் உள்ள வழக்கமான குழாய் என்றால் 10 கிலோ வரை 0.67 மில்லி, 10 முதல் 20 கிலோ வரை 1.34 மில்லி, 20 முதல் 40 கிலோ வரை 2.68 மில்லி. ஒரு குழாய் ஒரு நாய்க்கு. பெரிய நாயின் குழாயை வாங்கி மூன்றாகப் பிரித்தால் மணி மாதிரி நாய்க்குத் தேவையானதில் முக்கால் பங்குகூட வராது, அதிலும் பாதி வழிந்து போயிற்று. நாங்கள் எடைக்குத் தகுந்த முழுக் குழாய்க்குத்தான் காசு கட்டினோம். டேப் ஒட்டிய எச்சத்துக்கு அல்ல.

இனி அந்த ஊசி. இதுதான் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

இதயப்புழு கொசு கடித்துப் பரவுவது. கடலூர்க்காரர்களுக்குக் கொசுவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கொசு வழியாக உள்ளே போகிற நுண்புழு வளர்ந்து நுரையீரல் தமனிகளிலும் இதயத்தின் வலப்பக்கத்திலும் போய்க் குடியேற ஆறு மாதம் போல ஆகும். தடுப்பு மருந்து கொசு கடிப்பதைத் தடுக்காது. போன மாதம் உள்ளே வந்த இளம்புழுவைக் கொல்லும். அதனால்தான் மாதா மாதம். வளர்ந்த நாய்க்கு ஆரம்பிக்கும் முன் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், ஏற்கெனவே புழு இருந்தால் மருந்தே எதிர்வினையைக் கிளப்பலாம். அதோடு, தென்னிந்தியாவில் நாய் ரத்தத்தில் நுண்புழு தெரிந்தால் அது பல நேரம் தோலுக்கடியில் வாழ்கிற அதன் ஒன்றுவிட்ட இனமாக இருக்கும் என்றும், இதயத்துக்குப் போகிற வகை வடகிழக்கு மாநிலங்களில்தான் அதிகம் என்றும் டாக்டர் சொன்னார். எது என்று தெரியாமல் ஊசி எதற்கு? கடையில் ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்கவில்லை. "இதயம்" என்ற சொல்லே போதும், நாம் பர்ஸைத் திறந்துவிடுவோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

வருஷத்துக்கு ஒரே ஊசி என்பது முழுப் பொய்யும் இல்லை. மாக்ஸிடெக்டின் என்ற மருந்தை மெதுவாகக் கரைகிற மாதிரி செய்து, 12 மாதம் தாங்கும் ஊசியாக அமெரிக்காவில் 2019-ல் அனுமதித்தார்கள். அந்தக் கதையைக் கேட்டுவிட்டு, இவர்கள் மணிக்குப் போட்டது மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடுகிற 1 சதவீத ஐவர்மெக்டின் என்கிற புழு மருந்து. நான் நேரில் போய்க் கேட்டபோது கடைக்காரரே குப்பியை எடுத்துக் காட்டினார். "ஒரு மில்லி போட்டோம் அண்ணே, கரெக்ட் டோஸ்" என்றார்.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். இதயப்புழுத் தடுப்புக்கு ஐவர்மெக்டின் கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். 18 கிலோ மணிக்கு 108 மைக்ரோகிராம். அந்தக் குப்பியில் ஒரு மில்லியில் 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. தேவையைப் போல 90 மடங்குக்கும் மேல் ஏற்றியிருக்கிறார்கள். சரியான அளவு என்றால் ஒரு மில்லியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு, அதைச் சாதாரண சிரிஞ்சில் அளக்கவே முடியாது. சொறிக்கு இதயப்புழுத் தடுப்பு அளவைவிடப் பல மடங்கு அதிகமாக மருத்துவர்கள் ஐவர்மெக்டின் கொடுப்பதுண்டு, அதனால் மணி அந்த ஊசியைத் தாங்கிக்கொண்டான். ஆனால் கோலி, ஷெட்லாண்ட் ஷீப்டாக் மாதிரி சில இனங்களில் எம்டிஆர்1 என்கிற மரபணுக் குறை நிறைய நாய்களுக்கு இருக்கிறது. 2001-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த நாய்களின் மூளைக்குள் மருந்து நேராகப் புகுந்து தள்ளாட்டம், பார்வை போவது, மயக்கம், சாவு வரை கொண்டுபோகும். வீடியோவில் மணிக்குப் பின்னால் வரிசையில் நிற்பது ஒரு கோலி. அதற்கும் அதே குப்பிதானா என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை.

ஊசி போட்டவர் மருத்துவர் இல்லை, குளிப்பாட்டுகிற பையன். 1984-ன் இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமச் சட்டப்படி பதிவு பெற்ற மருத்துவர்தான் சிகிச்சை செய்யலாம். பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்.

வீட்டுக்குத் தெளிக்க என்று ஒரு தண்ணீர் பாட்டிலில் மஞ்சள் திரவமும் கொடுத்தார்கள், "இலவசம்". லேபிள் கிடையாது. டாக்டர் மோந்துகூடப் பார்க்கவில்லை, "கொண்டுபோய் ஓரமா வைங்க, சாக்கடைல ஊத்திடாதீங்க" என்றார். அது அமிட்ராஸ் என்கிற உண்ணிக்கொல்லியாக இருந்து கலவை கூடிவிட்டால் நாய் சுருண்டு படுத்துவிடும், நாடித் துடிப்பு இறங்கும், சர்க்கரை ஏறும். பெர்மெத்ரின் என்கிற பூச்சிக்கொல்லி என்றால் வீட்டில் உள்ள பூனைக்கு உயிர்ச்சேதம். எங்கள் வீட்டில் பூனையும் உண்டு.

கடைக்காரர் வாதம் என்ன தெரியுமா? "உங்க வீட்லதான் உண்ணி இருக்கு அண்ணே, எங்க மருந்து என்ன பண்ணும்?" இதில் பாதி உண்மை. பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளேயே வாழும். ரத்தம் குடித்து முடித்ததும் கீழே விழுந்து, சுவர் ஏறி, விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். அதனால் நாய்க்கு மருந்து, படுக்கையை வெந்நீரில் துவைப்பது, சுவர் இடுக்கைப் பூசுவது என எல்லாம் சேர்ந்துதான் நடக்க வேண்டும். சரி, வீட்டில் உண்ணி இருப்பதால்தானே ஐயா மருந்துக்கே வந்தோம்?

இப்போது மணிக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த மென்று தின்னும் மாத்திரை. இந்த வகையில் அஃபாக்ஸோலேனர் ஒரு மாதம், ஃப்ளூராலேனர் 12 வாரம் போலத் தாங்கும். வலிப்பு வந்த நாய் என்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், அமெரிக்க மருந்துத் துறை 2018-ல் இதற்காகவே எச்சரித்தது. தனி அஃபாக்ஸோலேனரோ ஃப்ளூராலேனரோ இதயப்புழுவைத் தடுக்காது. மூன்றுக்கும் இதுவே போதும் என்று மாத்திரையை விற்கிறவரிடமும் மருந்தின் பெயரைக் கேளுங்கள்.

வாங்கும்போது அட்டைப்பெட்டியோடு வாங்குங்கள். பெட்டியில் தொகுதி எண், காலாவதித் தேதி, தயாரிப்பாளரின் உரிம எண், "விலங்குகளுக்கு மட்டும்" என்ற வரி, பக்கத்தில் ஒரு விலங்கின் தலைப்படம் இருக்கும், எடை வரம்பும் இருக்கும். நாயை அன்றைக்கே எடை போடச் சொல்லுங்கள். உங்கள் கண் முன்னால் புதிதாக உடைத்த குழாயைத் தவிர வேறு எதையும் நாய் மேல் விட அனுமதிக்காதீர்கள். வெட்டிய மாத்திரைத் துண்டு, தனி ஸ்ட்ரிப் எதுவும் வேண்டாம். ரசீதில் "பேக்கேஜ்" என்று எழுதினால் மருந்தின் பெயரையும் தொகுதி எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அங்கேயே திரும்பிவிடலாம்.

பணத்தைக் கேட்டதற்கு, மீதி மாதங்களுக்கு நகம் வெட்டி, காது சுத்தம் செய்து "அட்ஜஸ்ட்" பண்ணித் தருகிறேன் என்றார். கும்பிடு போட்டுவிட்டு வந்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். கடை புதுச்சேரியில் இருக்கிறதே, அங்கே யார் அலைவது என்று யோசிப்பவர்களுக்கு: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கிற மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கடலூரிலேயே. மருந்து விற்பனை, ஊசி குறித்த புகார் மட்டும் புதுச்சேரி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குத் தனியாகப் போயிருக்கிறது. ஒரே குறை உள்ள பலர் சேர்ந்து ஒரே வழக்காகப் போடவும் வழி இருக்கிறது. நாய்ப் பாதம் போட்ட அந்த அட்டை உங்களிடமும் இருந்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். முத்திரை குத்திய பக்கத்தையும், பணம் அனுப்பிய ஜிபே ரசீதையும், நாயின் ரத்தப் பரிசோதனைத் தாளையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். அந்தக் கோலியின் வீட்டார் யார் என்று தெரிந்தாலும் சொல்லுங்கள்.