பழைய மாணவர் சந்திப்புக்கு ‘மொத்தப் பேக்கேஜ்’ பேசுகிறவர்கள் கவனத்துக்கு

எங்கள் பத்தாம் வகுப்பு செட் கூடுவதற்காக, மண்டபம், மதியச் சாப்பாடு, டி-ஷர்ட் மூன்றும் சேர்த்துத் தலைக்கு 650 ரூபாய் என்று ஓர் ஏற்பாட்டாளர் பேசினார். 120 பேருக்கு 78,000. முன்பணம் 50,000 வாங்கிக்கொண்டார். எல்லாம் முடிந்தபோது செலவு ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டிவிட்டது. சம்பளக்காரர்களும் தினக்கூலிக்காரர்களும் சேர்ந்து போட்ட பணம் அது.

முதல் அடி மண்டபத்தில். வாடகை 25,000-ல் அவர் கட்டியிருந்தது 5,000 மட்டும். ரசீதும் அவர் பெயரில். மீதி 20,000 வந்தால்தான் சாவி என்று முதல் நாள் மாலை மேலாளர் சொல்லிவிட்டார். அதை நாங்களே கட்டினோம். பிறகு கழித்துக்கொள்வதாகச் சொன்ன ஏற்பாட்டாளர் கழிக்கவே இல்லை. மண்டப வாடகையை நேராக மண்டபத்திலேயே கட்டுங்கள், ரசீது உங்கள் ஆள் பெயரில் இருக்கட்டும். ஜெனரேட்டர் டீசல், துப்புரவு, கரண்ட் யூனிட், ஏசி, தண்ணீர் கேன் எதெல்லாம் வாடகைக்குள் அடங்கும் என்று அந்த ரசீதின் பின்பக்கத்திலேயே எழுதி வாங்குங்கள். உள்ளே நுழைந்ததும் மின்மீட்டரைப் படம் எடுங்கள், கிளம்பும்போது இன்னொன்று.

பெரிய ஓட்டை சாப்பாட்டுக் கணக்குதான். வந்தவர்கள் 112 பேர்; பில்லில் 151 தட்டு. பஃபேயில் அழுக்குத் தட்டை எண்ணினால் இப்படித்தான் ஆகும். இரண்டாம் முறை போகிறவர் புதுத் தட்டு எடுப்பார், பிள்ளைக்குத் தனித் தட்டு, சமையல் ஆட்கள் சாப்பிட்டதும் அதே குவியலில் விழும். பேசிய 120-க்கு மேல் அதிகம் என்று சொன்ன 31 தட்டுக்கு, ஒன்று 320 வீதம் 9,920 கேட்டார். இதற்கு வழி டோக்கன். பெயர் பதியும் மேசையில் ஆளுக்கு ஒன்று கொடுத்து, பரிமாறும் இடத்தில் உங்கள் ஆள் ஒருவர் வாங்கி வைக்க வேண்டும். டோக்கன் எண்ணிக்கைக்குத்தான் பணம் என்பதை முன்பணம் கொடுக்கும்போதே எழுத்தில் வாங்குங்கள். குறைந்தபட்ச உத்தரவாதம் (ஆள் குறைந்தாலும் இத்தனை தட்டுக்குப் பணம் உண்டு என்ற உறுதி) கேட்டால், வருகிறேன் என்றவர்களை எண்ணாதீர்கள், பணம் கட்டியவர்களை மட்டும் எண்ணிச் சொல்லுங்கள்.

அடுத்தது 18 சதவீத ஜிஎஸ்டி என்று 14,040. பில்லில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை. அந்த எண்ணில் இலக்கமும் எழுத்துமாகச் சேர்த்து 15 இருக்கும். தமிழ்நாட்டில் பதிந்தது 33-ல் தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் நிறுவனப் பெயரும் பதிவு நடப்பில் உள்ளதா என்பதும் தெரியும். பதிவு இல்லாதவரும், காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர் தன் மொத்த விற்பனைக்குக் குறைந்த வீதத்தில் தானே வரி கட்டும் திட்டம்) இருப்பவரும் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது. தைரியமாக மறுக்கலாம்.

சாம்பிள் டி-ஷர்ட் கனமாக இருந்தது, வந்ததோ கண்ணாடி போல. அந்தச் சாம்பிளைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். வந்த கட்டிலிருந்து ஒன்றை எடுத்து 10 செ.மீ.க்கு 10 செ.மீ. துண்டு வெட்டி, நகைக்கடைத் தராசில் நிறுத்து, கிராமை நூறால் பெருக்கினால் அதுதான் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில். 2 கிராம் என்றால் 200. எடை ஒத்துவந்த பிறகு மீதிப் பணம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். யார் கணக்கிலிருந்து பணம் போனதோ அவர் பெயரில் மனு போடுவது நல்லது. யுபிஐ ரசீதுகளையும் வாட்ஸ்அப் உரையாடலையும் இப்போதே பிரதி எடுத்து வையுங்கள்.